அரிசிப் பேணிக்குள் ஒரு காது

அத்தியாயம் 14

குருநகரில் ஒருவன் காலையில் கடலுக்குப் போகவில்லை என்றால், ஒன்று அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது வருத்தமாக இருக்க வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் கூட இல்லை. ஆனாலும் டினேஸ் முகம் வழித்து, பூசைக்குப் போடும் நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் இரண்டு. காலையில் மகள் ஷெரோமியைக் கோப்பாய்க்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்ட வேண்டும். பின்னேரம் தங்கை பிரியந்தினியைப் பார்க்கக் காங்கேசன்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்து முட்டவைத்த புண்ணியவான் பேதுரு அண்ணை. டினேஸோடு ஒரே படகில் தொழில் செய்பவர், சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தவரும் அவர்தான். செவ்வாய் அந்தோனியாரின் நாள், அன்றைக்குத் தொடங்கினால் ஒரு குறையும் வராது என்று அடித்துச் சொல்லிவிட்டார். டொக்டர் அந்தோனியாரைக் கேட்டு நாள் குறிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

போன வருடம் கோயில் பெருநாளில், பக்கத்தில் வெடி வெடித்து ஊரே காதைப் பொத்திக்கொண்டபோது, ஷெரோமி மட்டும் ஐஸ்பழத்தைச் சூப்பிக்கொண்டு நின்றாளே, அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல் இது. பேச்சு வராததற்கு 'தகப்பனைப் போல அழுத்தம்' என்று அதுவரை நியாயம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு வாயை மூடினார்கள். பிறகு, காது கேளாத பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வழிகாட்டும் கோப்பாய் நிலையத்திலிருந்து நளீபா வந்தாள். மூன்று மாதத்துக்கு முதல் பிள்ளைக்குக் காது மெசினும் வாங்கித் தந்தாள்.

இன்றைக்குத்தான் முடிவு. காதுக்குள்ளே கருவி வைக்கும் ஒப்பரேசனுக்கு ஷெரோமியின் பெயர் போகுமா, போகாதா என்று வெளியூரிலிருந்து வரும் டொக்டர் சொல்லப்போகிறார். பிள்ளைக்கு நாலரை வயது. ஐந்து தாண்டிவிட்டால் பட்டியலில் எடுப்பது கஷ்டம் என்று நளீபா முன்னமே சொல்லிவைத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பேணியை எடுத்தனீங்களோ?" என்று உள்ளேயிருந்து ஜெசிதா கேட்டாள்.

"எடுத்தாச்சு. கையிலைதான் கிடக்கு."

டினேஸ் தகரப் பேணியின் மூடியைத் திருகித் திறந்தான். அரிசிக்குள் விரலை விட்டு, பொலித்தீனில் சுற்றியிருந்த மெசினை வெளியே எடுத்தான். ஊதித் துடைத்து மனைவியிடம் கொடுத்தான். ஜெசிதா மகளின் தலைமயிரைச் சீவி, சிவப்பு ரிபன் கட்டி, கடைசியாக மெசினைக் காதில் மாட்டினாள். சங்கிலி போட்டு அழகு பார்ப்பது போல ஒரு தரம் தள்ளி நின்று பார்த்தாள். ஷெரோமி உடனே காதைப் பிடித்து இழுத்துச் சிணுங்கினாள்.

"கையை எடு குஞ்சு. டொக்டரிட்டைப் போறமெல்லோ."

பிரியந்தினி அறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணனும் மச்சாளும்தான் அவளுக்கு எல்லாம். ஷெரோமி முதல் அடி எடுத்து வைத்ததே அவளின் கையைப் பிடித்துத்தான். இதற்கு முதல் பேசிவந்த சம்பந்தம் ஒன்று, 'பிள்ளைக்குக் காது கேக்காதாம், பரம்பரையோ?' என்ற ஒரே கேள்வியோடு நின்றுபோனது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"கெதியா வந்திடுங்கோ மச்சாள். நான் தனியச் சமாளிக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னாள்.

கோப்பாய் நிலையம் ஒரு பழைய கல்வீடு. முன்னால் மாதுளை மரம். விறாந்தையில் ஏழெட்டுத் தாய்மார் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளைகள் கையால் கதைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லாததால் யாரும் அதட்டவில்லை.

நளீபா வாசலுக்கே வந்தாள். சோனகத் தெருக்காரி, ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருப்பவள், கருப்பு ஸ்காஃப், கையில் எப்போதும் ஒரு ஸ்கூட்டித் திறப்பு. அவளின் மகன் ஹிஷாமுக்கும் காது கேளாது. அதனால்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

"தம்பியும் வந்திட்டீரோ? நல்லது. தகப்பன்மாரைக் கண்ணிலை காணுறதே அருமை" என்றாள்.

டினேஸுக்கு அது பாராட்டா, ஏச்சா என்று தெரியவில்லை. சிரித்து வைத்தான்.

டொக்டர் இளம்பெண். முகத்தில் களைப்பு இருந்தாலும் பேச்சில் அது இல்லை. ஷெரோமியைச் சின்னக் கதிரையில் இருத்தி, பின்னாலிருந்து மேளம் தட்டிப் பார்த்தார். மணி அடித்துப் பார்த்தார். ஒலி வந்தால் பெட்டிக்குள் ஒரு கட்டை போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ஷெரோமி கட்டையைப் போடவில்லை. மெசினைத்தான் பிடுங்கிப் போட்டாள். திரும்ப மாட்டினால் திரும்பப் பிடுங்கினாள். மூன்றாம் முறை கால் உதைத்து அழத் தொடங்கினாள்.

"மூன்று மாதம் போட்ட பிள்ளை இப்படிச் செய்ய மாட்டாளே" என்றார் டொக்டர்.

ஜெசிதாவுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கைப்பையைத் திறந்து, அட்டை அட்டையாகச் சின்னப் பற்றறிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று கூடப் பிரிக்கப்படவில்லை.

"அக்கா, நீங்கள் தந்த பற்றறி. ஒண்டையும் நாங்கள் வீணாக்கேல்லை. அப்பிடியே வைச்சிருக்கிறம். இல்லாத பிள்ளையளுக்குக் குடுங்கோ."

நளீபா அட்டைகளைப் பார்த்தாள். பிறகு ஜெசிதாவைப் பார்த்தாள்.

"பிள்ளை, மெசின் எப்பெப்பப் போடுறனீங்கள்?"

"ஞாயிறு பூசைக்குப் போடுறனாங்கள். பெருநாளுக்குப் போட்டது. பிறகு நீங்கள் வரேக்கை."

"மற்ற நாளிலை?"

"மற்ற நாளிலை பத்திரமா வைச்சிருக்கிறம்" என்று டினேஸ் முந்திக்கொண்டான். அவனுக்கு இதில் பெருமை. "எங்கடை வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு றோட்டுத்தான் அக்கா இடையிலை. உப்புக்காத்து எதையும் விடாது. என்ரை போன் ரண்டு தரம் செத்துப் போச்சு. எஞ்சின் சாமான் எல்லாம் நாங்கள் பொலித்தீன் சுத்தி, அரிசிக்குள்ளை போட்டுத்தான் வைக்கிறனாங்கள். உதையும் அப்பிடித்தான். மூடிக்கு றப்பர் வைச்சு நானே இறுக்கினனான். பாருங்கோ, ஒரு துரு இல்லை."

மெசின் நிஜமாகவே புத்தம் புதிதாக இருந்தது. மினுங்கியது. அதுதான் பிரச்சினை.

நளீபா நெற்றியில் கை வைத்தாள். அவள் குருநகருக்குப் போன ஒவ்வொரு முறையும் பிள்ளையின் காதில் மெசின் இருந்தது உண்மை. ஒழுங்கை முனையில் ஸ்கூட்டியைக் கண்டதும் ஜெசிதா பேணியைத் திறந்துவிடுவாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? விருந்தாளி வந்தால் நல்ல கோப்பையை வெளியே எடுப்பதில்லையா, அப்படித்தான் இவர்களும் எடுத்திருக்கிறார்கள்.

"யா அல்லாஹ்! உது என்ன காப்போ, சங்கிலியோ? கொண்டாட்டத்துக்குப் போட்டுக் கழட்டுறதுக்கு? அது பிள்ளையின்ரை காதெல்லோ! காதைக் கொண்டுபோய் அரிசிக்குள்ளை வைச்சிருக்கிறியள்!"

ஜெசிதாவின் கண் நிரம்பிவிட்டது. ஆனால் அவள் வாயில்லாப் பூச்சி அல்ல.

"நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள், தண்ணி படக்கூடாது, உப்புப் படக்கூடாது, விழக்கூடாது, துலைஞ்சால் இன்னொண்டு கிடைக்காது எண்டு. அண்டைக்கு முழுக்கப் பத்திரம், பத்திரம் எண்டுதானே சொன்னனீங்கள். எழும்பினதிலையிருந்து படுக்குமட்டும் போடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே."

நளீபா அன்றைக்குச் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். துடைப்பது, காயவைப்பது, பற்றறி மாற்றுவது எல்லாம் சொல்லியிருந்தாள். நாள் முழுக்கப் போட வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டாள்.

"உண்மைதான்" என்றாள் மெதுவாக. "அது என்ரை பிழை."

டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"இன்றைக்கு நான் கையெழுத்து வைக்க முடியாது அம்மா. ஒப்பரேசன் செய்தாலும் வெளியில் ஒரு பகுதி போடத்தான் வேணும், நாள் முழுக்க. மெசினுக்கே பழகாத பிள்ளைக்கு உள்ளே வைத்து என்ன பிரயோசனம்? இரண்டு மாதத்தில் திரும்ப வருவேன். இன்றையிலிருந்து போடுங்கள். பிள்ளை இழுத்து எறியாமல் இருந்தால், சத்தத்துக்குக் கொஞ்சமாவது திரும்பினால், பெயரை அனுப்புகிறேன். அதற்குப் பிறகு வயது போய்விடும். நான் நினைத்தாலும் செய்ய முடியாது."

வெளியே மாதுளை மரத்தடியில் டினேஸ் பேணியோடு நின்றான். மூன்று மாதம் மெசினைக் காத்த விதத்தை நினைத்து அவனுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் பேணிக்குள் இருந்த அரிசியைக் கோழிகளுக்குக் கொட்டினான்.

நளீபா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, நான் சத்தம் போட்டதை மனசிலை வைச்சிருக்காதையும். எங்களை யாழ்ப்பாணத்திலையிருந்து வெளியேத்தின பிறகு, நாங்கள் புத்தளத்திலை முகாமிலை இருக்கேக்கை ஹிஷாமுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. ஆரிட்டைக் கேக்கிறது எண்டும் தெரியேல்லை. ஒம்பது வயசிலைதான் 'உம்மா' எண்டு கூப்பிட்டவன். அந்த ஒம்பது வருசத்தையும் எனக்கு ஆர் திருப்பித் தரப்போகினம்? அதுதான் வாய் கட்டுப்படேல்லை."

"பரவாயில்லை அக்கா. நாங்களும் கேட்டிருக்கோணும்."

"சரி, இப்ப கேளுங்கோ, ரண்டு பேரும். பல்லுத் தீட்டினவுடனை மெசின் காதிலை. குளிக்கேக்கையும் படுக்கேக்கையும் மட்டும் கழட்டுங்கோ. இழுத்தால் திரும்பப் போடுங்கோ, அழுதால் விளையாட்டுக் காட்டிப் போடுங்கோ. பிறகு, பின்னாலை நிண்டு கூப்பிடாதேங்கோ. முகத்துக்கு நேரா நிண்டு, வாய் தெரியக் கதையுங்கோ. வீட்டிலை எல்லாரும்."

"ஓம் அக்கா" என்றாள் ஜெசிதா.

டினேஸ் தொண்டையைச் செருமினான்.

"நாளையிலையிருந்து போட்டால் என்ன அக்கா? இண்டைக்குப் பின்னேரம் தங்கச்சியைப் பாக்க ஆக்கள் வருகினம். ஒரு தரம் உதாலை குழம்பிப்போச்சு..."

நளீபா ஜெசிதாவைத்தான் பார்த்தாள். ஜெசிதா, நளீபா திருப்பிக் கொடுத்த பற்றறிகளில் ஒன்றைப் போட்டு, மகளின் காதிலிருந்து நழுவிய மெசினைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிதா நடந்ததை நாத்தனாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். நளீபா சொன்ன விதிகளையும் அப்படியே ஒப்புவித்தாள். 'முகத்துக்கு நேரா நிண்டு, வாய் தெரியக் கதையுங்கோ' என்பதை இரண்டு தரம் சொன்னாள். பிரியந்தினி வருகிறவர்களுக்குப் பொரிக்கப் பற்றிஸ் மாவைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இண்டையிலையிருந்து போடோணுமோ மச்சாள்?"

"ஓம்."

பிரியந்தினி உருளைக்கட்டையை நிறுத்தவில்லை. மாவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒரு ரண்டு மணித்தியாலம் மட்டும் எண்டு கேக்க எனக்கு வாய் வருகுது. கேக்கவும் வெக்கமாக் கிடக்கு."

ஜெசிதா அவளைப் பார்த்தாள். இவளின் வயதில் தான் ஒரு பிள்ளைக்குத் தாய். ஷெரோமி பிறந்த நேரம் மூன்று மாதம் தன்னைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் இவள்தான். இந்த இரண்டு பேரில் ஒருத்தியை விட்டுக்கொடு என்றால் யாரை விடுவது? கடவுளே, இந்தப் பிள்ளை பின்னேரம் முழுக்க நித்திரை கொள்ளட்டும் என்று மனதுக்குள் மன்றாடினாள்.

மன்றாட்டு பாதி கேட்கப்பட்டது. மத்தியானச் சோற்றோடு ஷெரோமி நித்திரையாகிவிட்டாள். மெசினைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தாள் ஜெசிதா. நித்திரையில் கழற்றலாம்தானே. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை.

ஓட்டோவில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை அருட்செல்வன், அவனின் தாய் மரியநாயகி, கூடவே வழிகாட்டியாகப் பேதுரு அண்ணை. அருட்செல்வன் காங்கேசன்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். நல்ல உயரம், நகக்கண்ணில் கொஞ்சம் கிறீஸ், சிரித்த முகம்.

"நான் சொன்னனெல்லோ டினேஸ், தம்பி கனக்கக் கதைக்காது. தங்கமான பிள்ளை" என்றார் பேதுரு.

உண்மையிலேயே அவன் கனக்கக் கதைக்கவில்லை. டினேஸ் பக்கத்திலிருந்து, "தொழில் எப்பிடித் தம்பி, துறைமுகப் பக்கம் வேலை கூடவோ?" என்று கேட்டான். அருட்செல்வன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல வேலை தம்பி, லீவே எடுக்கமாட்டான்" என்று தாய் பதில் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் தாய்தான் பதில் சொன்னாள். டினேஸ் அதைத் தாய்மாரின் வழக்கமான கெட்ட பழக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

பேச்சு ஓடாமல் நின்ற நேரத்தில், இடைக்கிடை நின்றுபோய்க் கொட்டிலில் கிடந்த தன் படகு எஞ்சினைக் காட்ட அருட்செல்வனைக் கூட்டிக்கொண்டு போனான். இயக்கிவிட்டதும் அருட்செல்வன் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பிளக்கைக் கழற்றச் சொன்னான். பிளக்கில்தான் பிழை. டினேஸ் திரும்பி வரும்போது முகம் மலர்ந்து வந்தான்.

"கை வைச்சே சொல்லிப்போட்டார்!" என்று குசினிக்குள் எட்டிப் பார்த்து மனைவியிடம் குசுகுசுத்தான். "எனக்கு முழுச் சம்மதம். தேத்தண்ணியைக் கொண்டு வா. பிள்ளை நித்திரைதானே?"

அப்போதுதான் அறைக்குள் ஷெரோமி எழும்பிய சத்தம் கேட்டது.

ஜெசிதா உள்ளே போனாள். மகள் பாயில் இருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் மெசின். வாசலில் டினேஸ் வந்து நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "இவை போகட்டும் ஜெசி. என்ரை தங்கச்சி பாவம்."

"தெரியும், அவள் பாவம்தான். உவளும் பாவமெல்லோ?"

"ஒரு மணித்தியாலம்தானே!"

"மூண்டு மாசமும் நாங்கள் அப்பிடித்தான் நினைச்சம். ஞாயிறுதானே, நாளைக்குத்தானே எண்டு. இண்டைக்கு ஒளிச்சால், பிறகு ஆர் வந்தாலும் ஒளிக்கோணும். என்னாலை ஏலாது."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெசிதா மெசினை எடுத்து மகளின் காதில் மாட்டினாள். ஷெரோமி இழுக்கப் போனாள். ஜெசிதா கன்னத்தை உப்பிப் பூனை மாதிரி முகம் காட்டினாள். பிள்ளை சிரித்து, இழுக்க மறந்தாள்.

விறாந்தையில் பிரியந்தினி பற்றிஸ் தட்டை வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள். ஜெசிதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். பேதுரு அண்ணை இருமினார். மரியநாயகியின் கண் நேரே பிள்ளையின் காதுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"உது... என்ன பிள்ளை காதிலை?"

டினேஸ் கூரையைப் பார்த்தான். ஜெசிதா வாயெடுக்க முதல் பிரியந்தினி நிமிர்ந்தாள்.

"என்ரை மருமகள். காது கேக்கிறது குறைவு. உது மெசின். இண்டையிலையிருந்து நாள் முழுக்கப் போடுறா." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். "நான் எங்கை போனாலும் உவவைப் பாக்க வந்துகொண்டுதான் இருப்பன். அது இப்பவே தெரிஞ்சிருக்கிறது நல்லது."

பேதுரு அண்ணைக்குப் பற்றிஸ் தொண்டையில் சிக்கியது. மரியநாயகி சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அருட்செல்வன்தான் எழும்பினான். ஷெரோமிக்கு முன்னால் குந்தி, அவளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, வாயைப் பெரிதாகத் திறந்து, "பேர் என்ன?" என்றான். பிள்ளை அவனின் வாயையே பார்த்தாள். அவன் ரிபனைத் தொட்டான். அவள் அவனின் மூக்கைத் தொட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் பூனை பாய்ந்து, பெரிய அலுமினியத் தாம்பாளம் சீமெந்துத் தரையில் விழுந்தது. வீடு அதிர்ந்தது. மரியநாயகி 'மாதாவே' என்று நெஞ்சில் கை வைத்தாள்.

ஷெரோமி திரும்பினாள்.

சட்டென்று, கண்ணை விரித்து, குசினிப் பக்கம் திரும்பினாள். பிறகு தாயைப் பார்த்தாள். என்ன அது என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. நாலரை வருடத்தில் முதல் தரம்.

"ஜெசி! திரும்பினவள்! கண்டனியோ, திரும்பினவள்!" டினேஸ் சபை மறந்து கத்தினான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். இத்தனை நேரம் எதற்குப் பயந்தானோ, அதெல்லாம் அவனுக்கு மறந்துபோனது. பிரியந்தினி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜெசிதாவும் அழுதாள். ஆனால் அவள் இன்னொன்றையும் கண்டிருந்தாள். தாம்பாளம் விழுந்தபோது வீட்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள், ஷெரோமி உட்பட. குந்தியிருந்த அருட்செல்வன் மட்டும் திரும்பவில்லை. பிள்ளை ஏன் தலையைத் திருப்பினாள் என்று புரியாமல், சிரித்த முகம் மாறாமல், மற்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெருநாளன்று வெடிக்குப் பக்கத்தில் ஐஸ்பழத்தோடு நின்ற மகளின் ஞாபகம் அவளுக்கு வந்தது.

பொழுது சாய முதல் அவர்கள் வெளிக்கிட்டார்கள். முடிவைப் பிறகு சொல்லி அனுப்புவதாக மரியநாயகி பொதுவாகச் சொன்னாள். டினேஸும் பேதுருவும் ஓட்டோவடிக்குப் போக, அவள் படலையில் செருப்பைத் தேடுவது போலப் பின்தங்கினாள். ஜெசிதாவின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, உந்த மெசின் எடுத்த இடத்தின்ரை நம்பர் ஒருக்கால் தாறியளோ? பேதுருவுக்குத் தெரியவேண்டாம்."

"தாறன் அம்மா. ஆருக்கு?"

"அது... எங்கடை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒண்டுக்கு."

ஓட்டோவடியில் பேதுரு பின்னாலிருந்து, "தம்பி, ஏறுமன்! தம்பி!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அருட்செல்வன் கடலைப் பார்த்தபடி நின்றான். தோளில் தட்டிய பிறகுதான் திரும்பினான்.

ஜெசிதா மரியநாயகியைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தினை வயசு அம்மா?"

மரியநாயகி ஓட்டோப் பக்கம் திரும்பி மகனைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு" என்றாள்.

"எஞ்சின் சத்தத்துக்குள்ளையே கிடந்தவன். அஞ்சாறு வருசமாக் குறைஞ்சு குறைஞ்சு போச்சு. ஒளிச்சு ஒளிச்சு நானும் களைச்சுப் போனன் பிள்ளை. சொன்னால் பொம்பிளை ஆர் குடுப்பினம்? உங்கடை மச்சாள் அப்பிடி நிமிந்து சொல்லேக்கை எனக்கு நிலத்துக்குள்ளை போகலாம் போல இருந்தது."

ஜெசிதா நளீபாவின் நம்பரைச் சொல்ல, மரியநாயகி போனில் பதிந்தாள்.

"அக்கா சத்தம் போடுவா, பயப்பிடாதேங்கோ, நல்ல மனுசி" என்றாள் ஜெசிதா. "ஆனா அம்மா, ஒளிக்கிறதுக்கு நான் துணை நிக்கமாட்டன். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அவரே வந்து பிரியந்தினியிட்டைச் சொல்லோணும். அதுவரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன்."

மரியநாயகி தலையை ஆட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினாள்.

உள்ளே பிரியந்தினி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை ஜெசிதா கண்டு எத்தனை காலம்!

"மச்சாள், பிள்ளைக்கு முன்னாலை குந்தினதைக் கண்டனீங்களோ? ஒரு மனுசரும் அப்பிடிச் செய்யிறேல்லை. தாய்க்குப் பிடிக்கேல்லைப் போல. ஆனா அவருக்கு..." சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். "ஓமெண்டு வந்தால் நான் ஓமெண்டு சொல்லட்டோ?"

ஜெசிதா வாக்குக் கொடுத்து முழுதாய் ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"முதல்லை ஒருக்கால் தனியக் கதைச்சுப் பார்" என்றாள். "கதைக்கேக்கை வெக்கத்திலை தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்காதை. முகத்துக்கு நேரா நிண்டு, வாய் தெரியக் கதை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

பிரியந்தினியின் கை தட்டில் நின்றது. மத்தியானம் மாவைத் தேய்த்தபடி இதே வார்த்தைகளை இரண்டு தரம் கேட்டவள் அவள். சிரிப்பு மெல்ல மெல்ல அவளின் முகத்தை விட்டுப் போனது. முற்றத்தில் டினேஸ் தகரம் ஒன்றைத் தட்டத் தட்ட ஒவ்வொரு தரமும் திரும்பித் திரும்பிச் சிரிக்கும் ஷெரோமியைப் பார்த்தாள். பிறகு விறாந்தையில் அருட்செல்வன் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மச்சாள்" என்றாள், "தாம்பாளம் விழேக்கை அவர் திரும்பினவரோ?"